பாலக்காட்டுக் கணவாய்: இனங்களைப் பிரித்தது பள்ளமா, பழைய பருவநிலையா?

கொழிஞ்சாம்பாறை:
வணக்கங்க. விலங்கியல் எம்எஸ்சி முடிந்தது, ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையை வெட்டிப் போகும் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஒரு இனம், தெற்கே ஆனைமலையில் அதன் பங்காளி இன்னொரு இனம். இது ஏன் என்பதை முனைவர் பட்டத்துக்கு எடுக்கலாமா? ஐந்து வருடத்தில் அடங்காது என்கிறார்கள்.

வாளையாறு காற்று:
எடுக்கலாங்க. ஆனா "ஏன்" என்று எழுதிக் கொடுக்காதீங்க, "எப்போது, எவ்வளவு" என்று எழுதுங்க. கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலம், நிலவியல் கணக்கில் மிகப் பழையது. ஷோலிக்கோலா என்ற சோலைக்குருவிகள் கணவாயின் இருபக்கமும் இரண்டாகப் பிரிந்ததோ அதற்கு வெகு காலம் பிந்தி. யானைகளிலும் இருபக்கமும் மரபணு வேறுபாடு பதிவாகியிருக்கு. ஆக, பள்ளம் கிடந்ததாலேயே பிரிந்தன என்று சொல்லிவிட முடியாது. ஈரமான காலங்களில் காடு கீழே இறங்கி இருகரையையும் தொட்டதா, வறண்டபோது உச்சிக்குச் சுருங்கியதா, அதுதான் இன்னும் தீராத பகுதி.

பலர் கோட்டைவிடுவது ஒப்பீட்டில். நீலகிரியையும் ஆனைமலையையும் மட்டும் வைத்தால், தெரிவது கணவாயின் வேலையா, வெறும் தூரத்தின் வேலையா? கணவாயைத் தாண்டாத ஜோடிகளும் வேணும்: வடக்கே நீலகிரி–பிரம்மகிரி, தெற்கே ஆனைமலை–மேகமலை. தூரம் ஓரளவு ஒத்து வரும்.

கொழிஞ்சாம்பாறை:
க்னெமாஸ்பிஸ் பல்லியை எடுத்தால்? பாறையில் சுலபமாகக் கிடைக்குதே.

வாளையாறு காற்று:
அது மலைக்கு மலை தனி இனமாகச் சிதறிக் கிடக்குது. கணவாயின் விளைவு அதில் அமுங்கிப்போகும். நான்கு மலையிலும் கிடைக்கிற ஒன்றைத் தேடுங்க.

சிறுவாணிக்கரை:
மாதிரி எடுப்பது பற்றி. மலைக்கு 8 முதல் 10 உயிர்கள் போதும், ஆனா எல்லாம் ஒரே ஓடையில் எடுத்தால் அண்ணன் தம்பியைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீங்க. திசு அரிசிமணி அளவு, 95 சதவீத எத்தனால் அதைப் போல் பத்து மடங்கு. திசுவிலுள்ள நீர் எத்தனாலை நீர்க்கச் செய்யும், அதனால் மறுநாள் மாற்றிவிடணும். ஃபார்மலின் பட்டால் டிஎன்ஏ கெட்டுப்போகும். லேபிளை பென்சிலில் எழுதி குப்பிக்குள்ளேயே போடுங்க; பால்பாயிண்ட் மை எத்தனாலில் கரைந்து, எந்த மலை என்றே தெரியாமல் போகும். மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவை மட்டும் பார்த்தால் தாய்வழிக் கதைதான் கிடைக்கும், உட்கரு மரபணுவும் வேணும்.

மீனாட்சிபுரம் மேடு:
தம்பி, இதெல்லாம் அனுமதிக்குப் பிறகுதான். நீலகிரி, ஆனைமலை, மேகமலை தமிழ்நாட்டு வனத்துறை. பிரம்மகிரியில் கேரளமும் கர்நாடகமும். ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம். 1972 வனவிலங்குச் சட்டத்தில் உங்கள் உயிரினம் எந்த அட்டவணையில் வருதுன்னு பார்த்துட்டு எழுதுங்க. தவளையென்றால் கத்தும் காலம் ஜூனில் தொடங்கும். அதற்குள் அனுமதித் தாள் கைக்கு வராவிட்டால் ஒரு வருடம் போச்சு.

உதவித்தொகை முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000. தாமதமாக வரும், கையிருப்பு வைத்துக்கொள்ளுங்க. டிஎன்ஏ வரிசைப்படுத்தும் செலவு அதில் அடங்காது. வழிகாட்டியிடம் ஓடிக்கொண்டிருக்கும் திட்டப் பணம் இருக்கா என்று சேருவதற்கு முன்பே கேளுங்க, கூச்சப்பட வேண்டாம்.