2013ல் வாங்கிய வீட்டுக் கம்ப்யூட்டர் ஊர்ந்து போகிறது: ராம் போடுவதா, எஸ்.எஸ்.டி போடுவதா?

வைகைக்கரை:

வணக்கம். எங்கள் வீட்டில் 2013ல் வாங்கிய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. இன்டெல் கோர் ஐ3 3220, எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். வாங்கும்போது விண்டோஸ் 7 இருந்தது, சில வருடம் கழித்து ஒரு கடையில் கொடுத்து விண்டோஸ் 10 போட்டோம். நேற்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆன் செய்தேன். டெஸ்க்டாப் வருவதற்கே 4 நிமிடம் 40 நொடி ஆனது, அதற்குப் பிறகு வேர்டு திறக்க இன்னும் ஒன்றரை நிமிடம். நடுநடுவே சிபியு பெட்டிக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம் வேறு கேட்கிறது.

இதை முக்கியமாகப் பயன்படுத்துவது அப்பாதான். ஓய்வு பெற்ற தமிழாசிரியர், வயது 74. எங்கள் பக்கத்தில் கமலை இறைப்பு, உழவு, மாடு, கிணறு சம்பந்தமாகப் புழங்கிய பழைய சொற்களைப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு, பத்து வருடமாக பாமினி எழுத்துருவில் டைப் செய்து சேர்த்து வைத்திருக்கிறார். கீபோர்டும் திரையும் அவர் கைக்கும் கண்ணுக்கும் பழகிவிட்டன, புதிது வாங்கலாம் என்றால் வேண்டாம் என்கிறார். ஒரு கடையில் இதற்கு இனி செலவு செய்யாதீர்கள், 38,000 ரூபாய்க்குப் புது செட் எடுங்கள் என்றார்கள். இன்னொரு கடையில் 8 ஜிபி ராம் போட்டால் பறக்கும் என்கிறார்கள். எதை நம்புவது?

ரிச்சி தெரு வாசி:

கடைக்காரர் சொல்வதை விடுங்கள், மெஷினையே கேட்போம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேர்டைத் திறங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றில் எது உச்சத்தில் போய் நிற்கிறது என்று பாருங்கள். அப்புறம் திஸ் பிசி மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால் ராம் எவ்வளவு, சிஸ்டம் 32 பிட்டா 64 பிட்டா என்று இருக்கும். அந்த இரண்டு வரியையும் அப்படியே இங்கே எழுதுங்கள்.

வைகைக்கரை:

பார்த்துவிட்டேன் சார். சிபியு 12, 15 சதவீதத்திற்கு மேல் போகவில்லை. மெமரி 70 சதவீதம். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது, ஐந்து நிமிடம் ஆகியும் இறங்கவில்லை. ராம் 4.00 ஜிபி, அடைப்புக்குறிக்குள் 3.47 ஜிபி யூசபிள் என்று இருக்கிறது. சிஸ்டம் 32 பிட்.

ரிச்சி தெரு வாசி:

விஷயம் இங்கேதான் இருக்கிறது. விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்தவர் 32 பிட்டைப் போட்டிருக்கிறார். வீட்டுக்கு வரும் 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் ராமைத் தொடவே தொடாது, அதிலும் கிராஃபிக்ஸுக்கும் மற்றதற்கும் ஒதுக்கியது போகத்தான் உங்களுக்கு 3.47 மிச்சம். அந்த இரண்டாவது கடையில் 8 ஜிபி ராம் வாங்கிச் செருகியிருந்தால் காசு போயிருக்கும், ஒரு நொடி கூட மிச்சமாகியிருக்காது.

பிராசஸர் 15 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, டிஸ்க் மட்டும் மூச்சு வாங்குகிறது. அதனால் முதல் செலவு எஸ்.எஸ்.டி, அதாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் சிப் சேமிப்பான். ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுற்ற வேண்டும், ஊசி மாதிரி இருக்கும் ஹெட் நகர்ந்து இடம் தேட வேண்டும், ஒவ்வொரு தேடலுக்கும் பத்து மில்லி நொடிக்கு முன்னே பின்னே ஆகும். எஸ்.எஸ்.டியில் நகரும் பாகமே கிடையாது, அதே வேலை 0.1 மில்லி நொடியில் முடியும். விண்டோஸ் துவங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுக்கிறது என்பதால் வித்தியாசம் முழுவதும் அங்கேதான் தெரியும்.

வாங்கும்போது 2.5 இஞ்ச் சாட்டா எஸ்.எஸ்.டி என்று கேட்டு வாங்குங்கள், 240 அல்லது 256 ஜிபி போதும். என்விஎம்ஈ என்று சூயிங்கம் பட்டை மாதிரி ஒன்று காட்டுவார்கள், உங்கள் போர்டில் அதற்கு இடமே கிடையாது. எச்61 சிப்செட்டில் சாட்டா 2 தான், அதாவது 3 ஜிபிபிஎஸ். டப்பாவில் நொடிக்கு 550 எம்பி என்று போட்டிருந்தாலும் உங்களுக்கு 270 பக்கம்தான் வரும். அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், வீட்டு வேலையில் அது உறைக்காது.

64 பிட் விண்டோஸைப் புதிதாகத்தான் போட வேண்டும், 32 பிட்டிலிருந்து மேலே ஏற்றிவிட வழி இல்லை. அதனால் பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் (குளோன்) யோசனையும் வேண்டாம். போடும் முன் பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் போர்டின் செட்டிங் திரை) சாட்டா மோடு ஏஎச்சிஐ என்று இருக்கிறதா பாருங்கள், ஐடிஈ என்றிருந்தால் மாற்றிவிடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் மெஷினைத் துவக்கும் பூட் கோப்புகள் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு அதைக் கழற்றிய அன்று மெஷின் எழுந்திருக்காது. இப்போது போட்டிருக்கும் விண்டோஸ் முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்தால் அதே போர்டில் அதே எடிஷனின் 64 பிட்டும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகு ராம். டெஸ்க்டாப்புக்கான டிடிஆர்3 1600, 4 ஜிபி ஒன்று கூடுதலாகப் போட்டு 8 ஆக்கினால் தாராளம். மலிவாகக் கிடைக்கும் சில டிடிஆர்3 ராம்கள் ஏஎம்டி போர்டில் மட்டும் வேலை செய்யும், இன்டெல் போர்டு என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

தாமிரபரணி:

வைகைக்கரை தம்பி, எஸ்.எஸ்.டி வாங்கக் கடைக்குக் கிளம்புவதற்கு முன் அந்த டிக் டிக் சத்தத்தைக் கவனியுங்கள். எல்லாரும் வேகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு அந்தச் சத்தம்தான் பயமாக இருக்கிறது. எங்கள் வீட்டிலும் இப்படித்தான் இரண்டு வாரம் டிக் டிக் என்றது, மூன்றாவது வாரம் டிஸ்க்கே தெரியவில்லை. பெண்ணின் கல்யாணப் போட்டோ பாதி அதோடு போயிற்று.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். 05, சி5 என்று இரண்டு வரிசை இருக்கும். முதலாவது கெட்டுப்போனதால் ஒதுக்கி மாற்றிய இடங்கள், இரண்டாவது படிக்க முடியாமல் திணறும் இடங்கள். மேலே மஞ்சளில் காஷன் (எச்சரிக்கை) என்று வந்தால் அன்றே அப்பாவின் கோப்புகளை பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். முழு டிரைவையும் காப்பி செய்யத் தொடங்க வேண்டாம், முதலில் அவருடைய சொல் தொகுப்பு ஃபோல்டர் மட்டும், அப்புறம் போட்டோ, அப்புறம் மற்றது. டிஃப்ராக், செக் டிஸ்க் எதையும் ஓட்டாதீர்கள், சாகக் கிடக்கும் டிஸ்க்கை ஓடவிட்டுக் கொன்ற மாதிரி ஆகும். ஒரு பென் டிரைவ் போதாது, இரண்டில் எடுத்து ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லவில்லை. பாமினி எழுத்துருவையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்! பாமினியில் அடித்தது எல்லா மெஷினிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடு இல்லை. கோப்புக்குள் இருப்பது வெறும் ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அதைத் தமிழாகக் காட்டுகிறது. அம்மா என்று அடிக்க எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதானே விசையைத் தட்டுவோம், கோப்பில் அதுதான் இருக்கும். ஃபார்மட் ஆன மெஷினில் அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் பக்கம் பக்கமாக ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும், உங்கள் அப்பா பத்து வருட உழைப்பு போய்விட்டதென்று பதறிப்போவார். சி டிரைவில் விண்டோஸுக்குள் ஃபான்ட்ஸ் ஃபோல்டர் இருக்கிறது, அதிலிருந்து அவர் பயன்படுத்தும் எழுத்துருக்கள் எல்லாவற்றையும் பென் டிரைவுக்கு இழுத்துவிடுங்கள்.

திறமூலம்:

ஒரு விஷயம் விட்டுப்போகிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது, 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறை பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும், உங்களுடையது மூன்றாம் தலைமுறை. குறுக்கு வழியில் ஏற்றலாம் என்பார்கள், அப்பாவின் மெஷினில் அந்தச் சோதனை வேண்டாம். எஸ்.எஸ்.டி போட்டபின் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஈ என்ற இலவச இயங்குதளம் போடுங்கள், 4 ஜிபியிலேயே நன்றாக ஓடும். பாமினி எழுத்துருவைக் காப்பி செய்துவிட்டால் வேர்டு மாதிரியான லிப்ரேஆஃபீஸிலும் அதே மாதிரி அடிக்கலாம். விண்டோஸ்தான் வேண்டும் என்றால் வங்கி வேலையை மட்டும் அதில் செய்யாதீர்கள்.

ரிச்சி தெரு வாசி:

மின்ட் நல்லதுதான், என் கடைசி இரண்டு மெஷினும் அதில்தான் ஓடுகிறது. ஆனால் 74 வயதில் வேர்டில் கை பழகியவரை லிப்ரேஆஃபீஸுக்கு மாற்றுவது எஸ்.எஸ்.டி மாட்டுவதைவிடப் பெரிய வேலை. அவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். முதலில் பென் டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டிக் காட்டலாம், எதையும் அழிக்காது.

கேபினெட்டைத் திறக்கும் அன்றே தூசியையும் எடுத்துவிடுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். பிராசஸர் மேல் சூடு தணிக்க இருக்கும் ஹீட் சிங்க்கைக் கழற்றினால் இரண்டுக்கும் நடுவே உள்ள பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிரும். அதை நன்றாகத் துடைத்துவிட்டு பிராசஸரின் நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு புதிது வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ராமைக் கழற்றி அந்தத் தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மாட்டுங்கள். தேதி, நேரம் தானாக மாறுகிறதென்றால் போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் மாற்றிவிடலாம்.

வைகைக்கரை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். தாமிரபரணி அக்கா சொன்னதைத்தான் முதலில் செய்தேன். மஞ்சள் காஷன் வந்தது, சி5ல் பூஜ்யத்துக்குப் பதிலாக எண் நின்றது. அன்று இரவே அப்பாவின் ஃபோல்டரை எடுத்தேன். 412 கோப்புகளில் மூன்று மட்டும் பாதியில் நின்றுவிட்டன, அதில் இரண்டு அவருடைய பழைய மெயிலில் இணைப்பாக இருந்தன. ஒன்று கிடைக்கவில்லை. ஏர்க்கால் வகைகள் பற்றியது. கையெழுத்து நோட்டு இருக்கிறது, திரும்ப அடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

256 ஜிபி எஸ்.எஸ்.டி, 64 பிட் விண்டோஸ் 10, கூட ஒரு 4 ஜிபி ராம். ஆன் செய்தால் 32 நொடியில் டெஸ்க்டாப். வேர்டு ஐந்து நொடிக்குள் திறக்கிறது. முதல் தடவை கோப்பைத் திறந்தபோது அக்கா சொன்ன அதே ஆங்கிலக் கிறுக்கல்தான் வந்தது, அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், முகம் மாறிவிட்டது. எழுத்துருவைப் போட்டு மறுபடி திறந்ததும் முதல் பக்கத்தில் கமலை, வடம், சால் என்று வரிசையாக வந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார். வங்கி வேலை எல்லாம் போனிலேயே வைத்துக்கொண்டோம். மின்ட்டை பென் டிரைவில் காட்டினேன், பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்றார்.

தாமிரபரணி:

ரொம்பச் சந்தோஷம் தம்பி. இனி யுனிகோடுக்கு மாற்ற ஆரம்பியுங்கள், எழுத்துரு மாற்றும் மென்பொருளான என்.எச்.எம் கன்வெர்ட்டரில் பாமினியைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் கோப்பு முழுவதையும் ஒரே அடியாகக் கொடுக்காதீர்கள். நடுவில் ஆங்கிலச் சொல்லோ செடியின் தாவரவியல் பெயரோ இருந்தால் அதையும் பாமினி என்று எண்ணிக்கொண்டு தமிழ் எழுத்தாக்கிச் சிதைத்துவிடும். அந்த இடங்களை முதலில் மஞ்சளில் குறித்துக்கொண்டு, பத்தி பத்தியாக மாற்றி, அப்பாவை ஒருமுறை மெய்ப்புப் பார்க்கச் சொல்லுங்கள். பாமினி மூலத்தை மட்டும் எப்போதும் அழிக்க வேண்டாம்.