கோவையில் கேரளத்துக்குக் கைதட்டியவர்கள்

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

போன ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் ஒரு விஜய் படம் ஓடிக்கொண்டிருந்தது. பேரன் திரையைக் காட்டி, "தாத்தா, இந்த வில்லன் யார்? முறைத்தாலே பயமாக இருக்கிறது" என்றான். "வில்லன் இல்லையடா, அவர் ஐ.எம்.விஜயன்" என்றேன். "அப்படியென்றால்?" என்று திருப்பிக் கேட்டான். கேரளம் கொண்டாடிய கால்பந்து ஆட்டக்காரரை இவனுக்குத் தெரியவில்லையே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். நீங்களும் எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: தொலைக்காட்சியில் பார்த்தது வேண்டாம், நேரில் கண்ட ஆட்டக்காரர் வேண்டும்.

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில் வாழும் தமிழர்கள் நாங்கள். எங்கள் கதை வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. வீட்டில் தமிழ், ரேஷன் அட்டையில் மலையாளம், கல்யாணப் பட்டுக்குக் கோவை, கோர்ட்டுக்குப் பாலக்காடு. கால்பந்து என்று வந்தால் மட்டும் குழப்பமே கிடையாது. நாங்கள் கேரளம். அதிலும் கேரள போலீஸ். 1990இல் திருச்சூரில் சல்காவ்கரையும், அடுத்த ஆண்டு கண்ணூரில் மகிந்திராவையும் தோற்கடித்து, கிளப் அணிகள் மோதும் ஃபெடரேஷன் கோப்பையை இரண்டு தடவை தூக்கிய அணி. சத்யன், விஜயன், பாப்பச்சன், ஷரஃப் அலி, குரிகேஷ் மாத்யூ, கோல் காக்க சாக்கோ. வேறு எந்த ஊரிலாவது போலீஸ்காரர்களின் பெயரை இப்படி மனப்பாடமாகச் சொன்னால் சந்தேகப்படுவார்கள்.

ஆனால் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி கைக்கு வரவில்லை. 1988 முதல் நான்கு ஆண்டும் இறுதியாட்டத்துக்குப் போனோம். கொல்லம், குவாஹாட்டி, மட்காவ், பாலக்காடு. நான்கிலும் தோல்வி, முதல் இரண்டும் பெனால்டியில். பாலக்காட்டில் மகாராஷ்டிரம் ஒரே ஒரு கோலில் எங்கள் கதையை முடித்தபோது நானும் சித்தப்பாவும் கேலரியில் இருந்தோம். சித்தப்பா வாங்கிய கடலைப் பொட்டலம் பிரிக்காமலே வீட்டுக்கு வந்தது. மறுநாள் சித்தி அதைச் சட்னியில் அரைத்துவிட்டார்.

1992இல் அதே சந்தோஷ் டிராபி கோவையில் நடந்தது. வேலந்தாவளம் வழியாக பஸ் பிடித்து, உக்கடத்தில் இறங்கி, அத்தை வீட்டில் சாப்பாடு. அத்தை மகன் இலையில் ரசம் ஊற்றிக்கொண்டே, "தின்கிற சோறு தமிழ்நாட்டுச் சோறு, தட்டுகிற கை மட்டும் அவர்களுக்கா மாப்பிள்ளை?" என்றான். சித்தப்பா நிமிராமலே, "அரிசி எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் அரிசி" என்றார். அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இறுதியாட்டம் கோவாவுடன். நேரு ஸ்டேடியத்தில் பந்து அந்தக் கோடியில் இருக்கும்போதும் நான் கேப்டன் வி.பி.சத்யனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா நிற்கிற மாதிரிதான் இருக்கும். இடுப்பளவில் ஒரு கை மட்டும் அசையும், பக்கத்தில் இருப்பவன் இரண்டடி நகர்ந்து கொள்வான். சிறிது நேரம் கழித்துப் பந்து சரியாக அந்த இரண்டடிக்குள்தான் வந்து விழும். வயலில் மடை திருப்புகிறவரின் கை அது. மூன்று கோல் போட்டோம், ஒன்றும் வாங்கவில்லை. 1973க்குப் பிறகு அப்போதுதான் கோப்பை. சுற்றிலும் கோவைக்காரர்கள், நடுவில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் எழுந்து குதிக்கிறோம். அத்தை மகனும் எழுந்து நின்று கைதட்டினான். எழாவிட்டால் முன்னால் ஒன்றும் தெரியவில்லை, அதனால்தான் எழுந்தேன் என்று பிறகு சொன்னான்.

விஜயனை நேரில் கண்டவர் என் சித்தப்பா. அவர் கண்டது ஆட்டத்தில் அல்ல. விஜயன் சிறுவனாக இருந்தபோது திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்றது எல்லோருக்கும் தெரியும், ஒரு பாட்டிலுக்குப் பத்துப் பைசா அவருக்குக் கிடைக்குமாம். தேங்காய் வியாபாரத்துக்குத் திருச்சூர் போகும்போதெல்லாம் ஆட்டம் பார்த்த சித்தப்பா, அந்தப் பையனிடம் சோடா வாங்கிக் குடித்ததாகச் சாகும்வரை சாதித்தார்.

வாளையாறு வழிப்போக்கன்:

அண்ணா, எங்கள் மாமாவும் அதே பையனிடம் சோடா குடித்திருக்கிறார். என் நண்பனின் தாத்தாவும் குடித்திருக்கிறார். நான் விசாரித்தவரை பாலக்காடு மாவட்டத்தில் பாதிப்பேர் குடித்திருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் விற்றுவிட்டு அந்தப் பையன் எப்போது பந்தைத் தொட்டான் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பல்லாவரம் பயணி:

சித்தூரில் பிறந்து வேலைக்காகச் சென்னைக்கு வந்தவன் நான். சத்யன் இந்தியன் வங்கியில் சேர்ந்த பிறகு சென்னை மைதானங்களில் அவரைப் பார்க்க முடியும். ஒருமுறை கயிற்றுக்கு இந்தப் பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போனார். பேச நா எழவில்லை. மலையாளத்தில் பேசுவதா தமிழில் பேசுவதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

2006 ஜூலை 18. பல்லாவரத்தில் ரயிலில் அடிபட்டு இறந்தார். 41 வயது. தினமும் நான் வேலைக்குப் போகிற தடம் அது. இன்றும் அந்த இடம் வரும்போது செய்தித்தாளை மடித்து வைத்துவிடுவேன். இதற்கு மேல் எழுத வரவில்லை.

சித்தூர் டீச்சர்:

நீங்கள் எல்லோரும் பெரிய ஆட்டக்காரர்களை எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவரைப் பற்றி நான் எழுதுகிறேன்.

செவன்ஸ் தெரியாதவர்களுக்கு: ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். அறுப்பு முடிந்த வயலில் கமுகு மரத்தால் கேலரி கட்டி, ராத்திரி விளக்குப் போட்டு ஆடுவார்கள். சாயங்காலமே ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அறிவிப்பு வரும். ஒவ்வொரு அணியிலும் ஆப்பிரிக்காவிலிருந்து கூலிக்கு வந்து ஆடுகிறவர்கள் இருப்பார்கள். எந்த நாட்டுக்காரர் என்றாலும் மக்களுக்கு அவர் 'சூடானி'தான்.

நான் கல்லூரி முதலாண்டு படித்தபோது அப்படி ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டு மாடியில் ஒரு சீசன் முழுக்கக் குடியிருந்தார். ஊரே சூடானி என்றபோது என் அம்மா மட்டும் நேரே போய், "எந்த ஊர் தம்பி?" என்று தமிழில் கேட்டார். அவர் எப்படிப் புரிந்துகொண்டாரோ, "கானா" என்றார். அன்றிலிருந்து தெருவில் யார் வாயைத் திறந்தாலும் அம்மா திருத்துவார்: "சூடான் இல்லை, கானா." நோட்டீஸ் ஒட்ட வந்த பையனிடமும் சொன்னார். நோட்டீஸில் சூடானி என்றே இருந்தது.

பூட்ஸை எங்கள் துணி துவைக்கும் கல்லில்தான் கழுவுவார். முதலில் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பிறகு அவர் கல்லைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போவதைப் பார்த்து, எங்களைத் திட்ட அதையே ஓர் ஆயுதமாக வைத்துக்கொண்டார். ஒரு நாள் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, படியேற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா முறிவெண்ணெயைச் சூடாக்கித் துணியில் நனைத்துக் கொடுத்தார். அந்த வாசனைக்கு அவர் முகத்தைச் சுளித்த சுளிப்பு இருக்கிறதே, எங்கள் தம்பி கஷாயம் குடிக்கும்போது இருக்கிற அதே முகம். மூன்றாம் நாள் ஆடப் போய்விட்டார். எண்ணெயால்தான் சரியானது என்று அம்மா. வலியோடுதான் ஆடினார் என்று நான் நினைக்கிறேன். ஆடினால்தானே கூலி.

சீசன் முடிவில் கடைசி மூன்று ஆட்டங்களுக்கான பணத்தை அமைப்பாளர்கள் கொடுக்கவில்லை என்று கேள்வி. அவர் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளாமலேயே போய்விட்டார்.

அடுத்த ஆண்டு எங்கள் ஊர் அணி மண்ணார்க்காட்டில் ஆடியது. நாங்களும் வேன் பிடித்துப் போனோம். எதிரணியில் அவர். இரண்டாம் பாதியில் எங்கள் கோலியின் கால்களுக்கிடையே பந்தைத் தள்ளி உள்ளே போட்டார். எங்கள் பக்கக் கேலரி அப்படியே செத்துப்போனது. அந்த அமைதியில் ஒரே ஒரு ஆள் கைதட்டும் சத்தம். திரும்பிப் பார்த்தால் அம்மா. வேனில் திரும்பி வரும்போது ஒருவரும் அம்மாவிடம் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. "கால் சரியாகிவிட்டது பார்த்தாயா?" என்று என்னிடம் மட்டும் கேட்டார்.

கோபாலபுரத்தான்:

டீச்சர், உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம்.

என் காலம் எஃப்.சி. கொச்சின் கிளப். 1997இல் தொடங்கிய அதே ஆண்டில் கொல்கத்தாவின் மோகன் பகானை 3–1 என்று வென்று டூரண்ட் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். கேரளத்துக்கு அதுவே முதல் டூரண்ட். ஐ.எம்.விஜயனுடன் அதே அணியில் தமிழ்நாட்டின் ராமன் விஜயனும் இருந்தார். பொள்ளாச்சியில் என் கல்லூரி விடுதி. அறையில் இரண்டு மலையாளிகள், தமிழர்கள் நாங்கள் இரண்டு பேர். "விஜயன் கோல்" என்று வானொலியில் வந்தால் போதும், எந்த விஜயன் என்று தெரிவதற்குள் இரண்டு கட்சியும் கத்தி முடித்திருக்கும். அந்த சீசனின் தேசிய லீகில் அதிக கோல் போட்டது எங்கள் ராமன் விஜயன், பத்து கோல். மலையாளி நண்பன் இன்றுவரை அதை ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பந்தையெல்லாம் கொடுத்தது யார் என்று கேட்கிறான்.

நான் யாருடைய ஆள் என்று என்னைக் கேட்காதீர்கள். அப்பா எல்லையோரக் கோபாலபுரம், அம்மா ஆனைமலை. டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் செய்தித்தாளிலிருந்து வெட்டிய இரண்டு விஜயன்களையும் ஒட்டி வைத்திருந்தேன். ஐந்தாறு ஆண்டுக்குள் பணமில்லாமல் கிளப்பையே மூடிவிட்டார்கள். பெட்டி இருக்கிறது. மனைவி அதில் போர்வை வைத்திருக்கிறாள்.

மஞ்சள் சட்டை:

எனக்கு 23 வயது. வேலந்தாவளம். பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் விஜயனை யூடியூபில் தேடிப் பார்த்தேன். படம் மழை நாளில் ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல இருந்தது, பந்தே தெரியவில்லை. சுற்றியிருந்தவர்கள் ஓடிய திசையை வைத்துத்தான் கோல் என்று புரிந்துகொண்டேன்.

எனக்கு இயன் ஹ்யூம். கனடாக்காரர். 2014இல் ஐ.எஸ்.எல். கால்பந்து லீகில் கேரள பிளாஸ்டர்ஸ் அணியின் முதல் சீசனில் ஆடினார். மொட்டைத்தலையோடு அவர் ஓடியதைப் பார்த்து எங்கள் தெருவில் நான்கு பேர் தலையை மழித்துக்கொண்டார்கள், பழனிக்கு நேர்ந்துகொண்டது என்று வீட்டில் பொய் சொல்லி. மலையாளிகள் அவரை 'ஹ்யூமேட்டன்', அதாவது ஹ்யூம் அண்ணன் ஆக்கினார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அடுத்த ஆண்டே அவர் கொல்கத்தாவுக்குப் போய்விட்டார்.

2016 டிசம்பர் 18, கொச்சி கலூரில் அந்த லீகின் இறுதியாட்டம். மாமா எப்படியோ இரண்டு டிக்கெட் பிடித்தார். மைதானம் முழுக்க எங்கள் அணியின் மஞ்சள். எதிரில் கொல்கத்தா, அதில் ஹ்யூமேட்டன். ஆட்டம் 1–1, பெனால்டிக்குப் போனது. கொல்கத்தாவுக்கு முதலில் அடிக்க வந்தவர் அவர்தான். நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று இப்போதும் எனக்கே தெரியவில்லை. எங்கள் கோலி ஸ்டாக் தடுத்துவிட்டார். மைதானம் இடிந்து விழுகிற மாதிரி சத்தம். நானும்தான் கத்தினேன். கத்திக்கொண்டே, தலையைக் குனிந்து திரும்பி நடக்கிற அந்த மொட்டைத்தலையைப் பார்த்தேன். பக்கத்தில் மாமா உட்கார்ந்தே இருந்தார், கத்தவில்லை. கடைசியில் 4–3 என்று தோற்றோம். எறணாகுளத்திலிருந்து இரவு ரயிலில் பாலக்காடு வரும்வரை எங்களுக்குள் பேச்சே இல்லை.

அதற்கடுத்த சீசனில் அவர் மீண்டும் மஞ்சளுக்கு வந்தார். 2018 ஜனவரியில் டெல்லியில் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு மூன்று கோல். அது தொலைக்காட்சியில் பார்த்தது, அண்ணாவின் நிபந்தனைப்படி எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

தம்பி, எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும். உன் மாமா ஏன் கத்தவில்லை என்று அவரிடம் ஒருநாள் கேட்டுப்பார்.

வாளையாறு நண்பருக்கு ஒரு பதில் பாக்கி. 2025 ஜனவரியில் விஜயனுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சித்தப்பா அப்போது இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்று சித்தியிடம் போய், "சித்தப்பா சோடா குடித்தாரே, அந்தப் பையனுக்குப் பத்மஸ்ரீ" என்றேன். சித்தி கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"சோடாவுக்குக் காசு கொடுத்தாராமா? உங்கள் சித்தப்பா எந்தக் கடையில் கையோடு காசு கொடுத்திருக்கிறார்?"