புரையேறினா யாரோ நினைக்கிறாங்கன்னு விட்டுடாதீங்க: விழுங்கச் சிரமப்பட்டவங்க அனுபவம் சொல்லுங்க

வெண்ணாற்றங்கரை:

எங்கப்பா பொதுப்பணித் துறையில லஸ்கரா இருந்து ரிட்டையர் ஆனவர். நீடாமங்கலம் பக்கத்துல வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு தண்ணி பிரியுற மூணாறு தலைப்புலயும், அதுக்குக் கீழ இருக்குற சின்ன மதகுகள்லயும் ஷட்டர் திருகியே ஆயுசு போச்சு. போன ஐப்பசி அடைமழையில ஒருநாள் விடியக்காலம் எழுந்திரிக்கிறாரு, இடது கை தூக்க வரல. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. வாதம்.

ஒன்பது நாள் வச்சிருந்து வீட்டுக்கு அனுப்புனாங்க. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல வேணாம். டிஸ்சார்ஜ் சீட்டுல சாப்பாட்டுக்கு ஒரே வரி: நீராகாரம் கொடுக்கவும். நமக்கும் அதுதான் சரின்னு பட்டுது. முடியாதவங்களுக்கு எளநீர், ரசத்தண்ணி, காபி, இதுதானே வழக்கம்? சோறுன்னா சிக்கும், தண்ணி வழுக்கிட்டு இறங்கிடும்னு நெனப்பு.

மொத வாரம் ஒவ்வொரு தம்ளருக்கும் புரையேறுச்சு. அம்மா உச்சந்தலையில தட்டி, "மெட்ராஸ்ல பொண்ணு நெனைக்கிறா"ன்னு சொல்லும். அப்பா பாதி வாயால சிரிப்பாரு. ரெண்டாவது வாரம் புரையேறுறது நின்னுபோச்சு. தேறிட்டாருன்னு அம்மா மாரியம்மனுக்கு முடிஞ்சு வச்சிருந்த காசைப் போட்டுட்டு வந்துச்சு.

ஆனா குரல் மாறியிருந்துச்சு. காபி குடிச்சதும் பேசினா கொளகொளன்னு, ஃபுட்வால்வு ஒழுகுற மோட்டார் இறைக்கிற மாதிரி. எனக்குக் காதுல விழுந்துச்சு, ஆனா சளின்னு நெனச்சேன். அப்பறம் சாயங்காலக் காய்ச்சல். அஞ்சாம் நாள் மூச்சு இழுக்க ஆரம்பிச்சதும் தஞ்சாவூருக்குத் தூக்கிட்டு ஓடினோம். வலது நுரையீரல் அடிப்பாகத்துல நிமோனியா.

அங்கதான் பேச்சுப் பயிற்சி குடுக்குற ஒரு பொண்ணு வந்துச்சு. அப்பா பேசத்தான் பேசுறாரே, இது எதுக்குன்னு கேட்டேன். விழுங்குறதும் அவங்க பாடந்தானாம். நாலு விரலை அப்பா தொண்டையில வச்சு, "எச்சிலை முழுங்குங்க ஐயா"ன்னுச்சு. என் கையையும் எடுத்து என் குரல்வளை மேல வச்சுச்சு. நீங்களும் இப்ப வச்சுப் பாருங்க. முழுங்குறப்ப அந்தக் கட்டை மேல ஏறி, முன்னால வந்து, திரும்ப இறங்கும். எனக்கு ஒரே எம்பா எம்புச்சு. அப்பாவுக்குத் தயங்கித் தயங்கி, அரைகுறையா.

அப்பறம் ஒரு தாள்ல படம் போட்டுச்சு. எனக்கு அதுவரைக்கும் தெரியாத விஷயம்: தொண்டையில மூச்சுக்குழாய்தான் முன்னால இருக்கு, உணவுக்குழாய் பின்னால. ஆக, தின்ற ஒவ்வொரு கவளமும் மூச்சுக்குழாய் வாசலைத் தாண்டித்தான் போயாகணும். அந்த நேரத்துல உள்நாக்கும் அண்ணத்தோட பின்பக்கமும் மேல தூக்கி மூக்கை அடைக்குது. குரல்வளை மேல ஏறுது, அதோட மூடி மடங்குது, உள்ள குரல் நாண் ரெண்டும் ஒட்டிக்குது, மூச்சு நிக்குது. பின்னால உணவுக்குழாயோட மேல்வாய் தொறக்குது. இத்தனையும் ஏறக்குறைய ஒரே ஒரு வினாடிக்குள்ள. அப்பறம் உணவுக்குழாய் கவளத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு எரைப்பைக்கு இறக்க எட்டு, பத்து வினாடி.

அப்பா படத்தையே பாத்துக்கிட்டிருந்தவரு கொழகொழன்னு கேட்டாரு: "ஒரே வாய்க்கா. ரெண்டு மதகு. மொறை வச்சு விடுறதா?"

அந்தப் பொண்ணுக்குப் புரியல. நான் சொன்னேன், தண்ணி பத்தலன்னா ஒரு வாய்க்கால அடைச்சுட்டு இன்னொண்ணைத் தொறக்குறது, முறைப்பாசனம். "அதேதான் ஐயா, உங்க ஷட்டர் லேட்டா எறங்குது"ன்னு சொல்லிச்சு. தண்ணி வேகமா ஓடிடும், மதகு அடைக்கிறதுக்குள்ள மூச்சுக்குழாய் வாசல்ல நிக்கும். கெட்டியா இருந்தா மெதுவா வரும், அடைக்க நேரம் கெடைக்கும். நாங்க வழுக்கிட்டு எறங்கும்னு நெனச்ச ரசத்தண்ணிதான் வில்லன்.

பேரியம் கலந்த மாவைக் குடிக்க வச்சு எக்ஸ்ரேயில வீடியோ எடுத்தாங்க. திரையில கறுப்பா ஒரு நூல் குரல் நாணைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள்ள எறங்குது. அப்பா கம்முன்னு ஒக்காந்திருக்காரு. ஒரு செருமல் இல்ல, இருமல் இல்ல. வாதத்துல அந்த எடத்து உணர்ச்சி மழுங்கிடுமாம். அமைதியான உள்ளேற்றம்னு எழுதிக் குடுத்தாங்க. நாங்க தேறிட்டாருன்னு சாமிக்குக் காசு போட்ட வாரத்துலதான் ஒவ்வொரு தம்ளரும் நுரையீரலுக்குப் போயிருக்கு.

உங்க வீட்டுல யாருக்காவது இப்படி ஆச்சா? எழுதுங்க.

நாகூர் கடல்காற்று:

பெரிய விஷயத்துக்கு நடுவுல என் கதை காமெடி. சங்கரா மீன் முள்ளு. மாமியார் சோத்து உருண்டையை மெல்லாம முழுங்கச் சொன்னாங்க, அப்பறம் வாழப்பழம், அப்பறம் யாரோ வினிகர். ராத்திரி முழுக்கக் குத்தல். காலையில டாக்டர் வாயைத் தொறக்கச் சொல்லி லைட் அடிச்சாரு, டான்சில்ல குத்திக்கிட்டு நிக்குது, இடுக்கியால எடுக்க ரெண்டு நிமிஷம். "சோத்த உருட்டி உருட்டி நீங்கதான் இன்னும் ஆழமாக் குத்திவிட்டிருக்கீங்க"ன்னாரு. எடுத்தப்பறமும் ஒருநாள் முள்ளு இருக்குற மாதிரியே இருந்துச்சு, அது கீறலாம்.

மாயவரத்து மருமகள்:

எனக்குத் தொண்டையில ஒண்ணும் இல்ல, கீழ. சோறு நெஞ்சுக்குழிக்கு மேல வந்து நின்னுடும். தண்ணியும் நிக்கும். எழுந்து நின்னு, கையைத் தலைக்கு மேல தூக்கி, ரெண்டு குதி குதிச்சா டொபக்குனு எறங்கும். கல்யாண வீட்டுப் பந்தியில இதைச் செய்ய முடியுமா? அதனால பந்திக்கே போகாம இருந்தேன். "எங்க வீட்டுச் சாப்பாடு புடிக்கல போல"ன்னு பேச்சு.

ரெண்டு வருஷம் கேஸ் மாத்திரை. 58 கிலோ இருந்தவ 44 ஆனேன். ராத்திரி தலகாணியில மதியம் தின்ன சோறு புளிக்காம அப்படியே வந்து கெடக்கும். எரைப்பைக்குப் போயிருந்தா புளிச்சிருக்கணுமே? அதை நான் சொல்லியும் யாரும் காதுல வாங்கல. சிதம்பரம் பக்கம் ஒரு டாக்டர்தான் அந்த ஒத்த விஷயத்தைப் பிடிச்சாரு. பேரியம் எக்ஸ்ரேயில உணவுக்குழாய் மேல பானை மாதிரி உப்பி, அடியில குருவி மூக்கு மாதிரி கூம்பி இருந்துச்சு. அகலேசியான்னு பேரு. கீழ்வாய்ச் சுருக்குத் தசை தளர மாட்டேங்குது. வாய் வழியாவே கேமராக் குழாய் விட்டு அந்தத் தசையைக் கீறி விடுறாங்க, போயம்னு சொல்றாங்க, ஜப்பான்ல 2008ல மொதல்ல செஞ்சதாம். வயித்துல தழும்பே இல்ல. அறுவை முடிஞ்சு நாலாம் நாள் கொழஞ்ச தயிர்சாதம் தின்னு, நிக்காம, குதிக்காம, ஒக்காந்த எடத்துலயே எறங்குச்சு. அழுதுட்டேன். இப்பக் கொஞ்சம் நெஞ்செரிச்சல் இருக்கு, அதுக்கு மாத்திரை. பரவாயில்ல.

தஞ்சை விழுங்கல் பயிற்சியாளர்:

இந்தத் தொழில்ல இருக்கேன், ரெண்டு மூணு சேர்த்துக்கறேன்.

நம்ம ஊர்ல நோயாளி என்ன வார்த்தை சொல்றாரோ அதுலதான் பாதிக் குழப்பம். ஒரு பெரியவர் 'சோறு விக்குது'ன்னாரு. அவர் சொன்னது சோறு நெஞ்சுல அடைச்சுக்கிறதை. எழுதினவங்க விக்கல்னு எடுத்துக்கிட்டு விக்கல் மாத்திரை குடுத்திருக்காங்க. விக்கல் உதரவிதானம் வெட்டி இழுக்கறது, அது வேற. புரையேறுறது காத்து வழியில ஏதோ நுழைஞ்சதுக்கு உடம்பு போடுற சத்தம். குரல் நாணுக்கு மேலயே நின்னு இருமலோட வெளிய வந்தா ஒரு பேரு, நாணைத் தாண்டிக் கீழ போனா வேற பேரு, பின்னதுதான் உள்ளேற்றம். முழுங்கினா வலிக்குதுன்னா அது வலி, அடைப்பு இல்ல. தொண்டையில பந்து மாதிரி இருக்கு, ஆனா சோறு தண்ணி தாராளமா எறங்குதுன்னா அது குளோபஸ். இது எல்லாத்தையும் 'தொண்டை சரியில்ல'ன்னு ஒரே மூட்டையாக் கட்டினா டாக்டர் எதைன்னு பாப்பாரு? எங்க நிக்குது, எது நிக்குது, எப்பலேருந்து, எடை கொறைஞ்சுதா, இதைச் சொல்லுங்க.

மொதல்ல இட்லி, சோறு நின்னு, அப்பறம் கஞ்சி நின்னு, கடைசியில தண்ணியும் நிக்குதுன்னா வழி சுருங்கிக்கிட்டே வருதுன்னு அர்த்தம். புற்றுநோயா இருக்கலாம், ஒரு வாரம் கூடத் தள்ளாம எண்டோஸ்கோபி பாருங்க. மாயவரத்து அக்காவுக்கு மாதிரி ஆரம்பத்துலேருந்தே சோறும் தண்ணியும் சேர்ந்து நின்னா தசை வேலை செய்யறதுல கோளாறு.

இன்னொண்ணு, நம்ம பழக்கம். சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கறது. எச்சில் படக் கூடாது, சரி. ஆனா தலை பின்னால சாய்ஞ்சா தண்ணி நாக்கு அணை போடறதுக்கு முன்னாடியே தொண்டையில விழும். வாதம் வந்தவங்களுக்கு இது வேணவே வேணாம். அவங்களுக்குத் தனி தம்ளர் வையுங்க, வாய் வச்சு உறிஞ்சட்டும். தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்திக் குடிக்கறது பலருக்கு உதவும், எல்லாருக்கும் இல்ல. சோதிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லுவோம், யூடியூப் பாத்துச் செய்யாதீங்க.

கொரநாட்டுக் கருப்பூர்:

எங்க சித்தப்பாவுக்கு வெத்தல சீவல், கூடப் புகையில. கும்மோணத்துல இதைச் சொன்னா சிரிப்பாங்க, தாம்பூலம் இல்லாத வாய் உண்டான்னு. வாய் தொறக்குறது கொஞ்சம் கொஞ்சமாக் கொறைஞ்சுது. மூணு விரலை அடுக்கி வாய்க்குள்ள விட முடியணுமாம், அவருக்கு ஒண்ணரை விரல். பாக்குதான் காரணம்னாங்க, கன்னத்து உள்தோல் நாரா இறுகிடுது. மெல்ல முடியாம முழுங்கி முழுங்கித்தான் அவருக்குப் புரையேறுது. சீவலை விட்டாரான்னு கேக்காதீங்க.

பாபநாசம் பேத்தி:

அப்பாயிக்குக் கடைசி ரெண்டு நாள். சொந்தமெல்லாம் வந்து ஆளுக்கு ஒரு கரண்டி பால் ஊத்த வரிசையில நின்னாங்க. மொத கரண்டியிலயே தொண்டையில கர்கர்னு சத்தம், கண்ணு சொருகிக்கிச்சு. எனக்குத் தாங்கல. ஊர் நர்சம்மா ஒருத்தங்கதான் சொன்னாங்க, பாலை ஊத்தாதீங்க, பஞ்சுல நனைச்சு உதட்டுல தடவுங்க, அதுவும் ஊத்துனதுதான்னு. பெரியத்தை கொஞ்சம் மொறைச்சாங்க. அப்பறம் அவங்களே பஞ்சை வாங்கிக்கிட்டாங்க.

வெண்ணாற்றங்கரை:

பாபநாசம் பேத்திக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. எங்க வீட்டுலயும் அந்த நாள் வரும், பஞ்சை ஞாபகம் வச்சுக்கறேன்.

அப்பா இப்ப எப்படின்னு தனியாக் கேட்டவங்களுக்கு: மொத மூணு வாரம் மூக்கு வழியா டியூப். அதுக்கு வீட்டுல பெரிய ரகளை, டியூப் போட்டா திரும்ப மாட்டாங்கன்னு. திரும்பினாரு. அப்பறம் கெட்டிக் கஞ்சி. இதுல ஒரு சங்கதி, அரிசிக் கஞ்சியில எச்சில் பட்டா நீத்துப்போகுது. வாயில வச்ச ஸ்பூனைத் திரும்பக் கிண்ணத்துல முக்குனா கால் மணி நேரத்துல தண்ணியாயிடும். அதனால கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி வைக்கறோம். ரசஞ்சாதம் இன்னும் கூடாது, சோறும் தண்ணியும் கலந்து வரதுதான் ரொம்பக் கஷ்டமாம். அவருக்கு அதுதான் ஏக்கம். சாப்பிட்டு முடிச்சதும் "ஆ..."ன்னு நீட்டிச் சொல்ல வச்சுக் குரல் கேக்கறோம், கொளகொளன்னா நிறுத்திடுவோம். ரெண்டு வேளை பல் தேய்ச்சு விடறோம். தப்பித்தவறி எச்சில் உள்ள போனாலும் வாய்க் கிருமி போகக் கூடாதுல்ல.

போன வாரம் டபராவுலேருந்து காபியை ஸ்பூனால குடுக்கறப்ப நல்லாப் புரையேறுச்சு. முகமெல்லாம் செவந்து இருமினாரு. அம்மா கை தானா உச்சந்தலைக்குப் போச்சு. அப்பா அதைத் தட்டிவிட்டுட்டு, இருமல் அடங்கினதும் சொன்னாரு, "விடுடி, ஷட்டர் எறங்குது."

நாகூர் கடல்காற்று:

அண்ணே, கஞ்சி கெட்டி சரியா இருக்கான்னு எப்படிப் பாக்கறீங்க? எங்க மாமாவுக்கும் கெட்டியாக் குடுக்கச் சொல்லியிருக்காங்க, கண்ணளவுலதான் காய்ச்சறோம்.

வெண்ணாற்றங்கரை:

10 மி.லி. சிரிஞ்சு வாங்குங்க, ஊசி இல்லாம. அடியை விரலால அடைச்சுக்கிட்டு 10 வரைக்கும் கஞ்சி ஊத்தி, விரலை எடுத்து 10 வினாடி ஒழுக விட்டு, திரும்ப அடைங்க. எங்கப்பாவுக்கு 4க்கும் 8க்கும் நடுவுல மிச்சம் நிக்கணும்னு சொல்லியிருக்காங்க. உங்க மாமாவுக்கு எத்தனைன்னு பயிற்சியாளர்கிட்ட கேட்டுக்கங்க. கஞ்சி ஆறினதும் பாருங்க, சூட்டுல அளந்தா தண்ணியாத்தான் காட்டும்.