பிறக்கப் போகும் குழந்தைக்குப் போர்வை: எந்த நூல், எந்தப் பின்னல்?

வானம்பாடி:

அக்காவுக்கு இன்னும் சில மாதங்களில் குழந்தை பிறக்கப் போகிறது. என் கையால் ஒரு போர்வை பின்னிக் கொடுக்க வேண்டும் என்று ரொம்ப ஆசை. குரோஷேயில், அதாவது ஒற்றைக் கொக்கி ஊசிப் பின்னலில், சங்கிலி, சிங்கிள், டபுள் மூன்று அடிப்படைக் கண்ணியும் வரும். இரண்டு ஊசியில் பின்னும் நிட்டிங் எனக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும்.

நூல் விஷயத்தில்தான் முதல் குழப்பம். அக்ரிலிக், பருத்தி, கம்பளி, மூங்கில் என்று எதைத் தொட்டாலும் மென்மையாகத்தான் இருக்கிறது, பாதிக்கு மேல் லேபிளில் குழந்தைப் படமும் போட்டிருக்கிறார்கள். எதை நம்பி எடுப்பது? அப்புறம், பூப்பூவாக ஓட்டை விட்டுப் பின்னும் லேஸ் டிசைன் ஒன்று எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் பெரியம்மா அதைப் பார்த்ததும் "விரல் மாட்டிக்கொள்ளும், வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அது உண்மையா, பழைய பயமா?

சிங்கிளும் டபுளுமாக ஒரு சின்ன மாதிரித் துண்டு போட்டுப் பார்த்தேன், பலகை மாதிரி விறைப்பாக வந்தது. போகப் போக இரண்டு ஓரமும் உள்வாங்கி அகலமும் குறைகிறது. பெரிதாக ஆரம்பிக்கும் முன் இதையெல்லாம் சரிசெய்துகொள்ள வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நூல்கண்டு:

பெரியம்மா சொன்னது சரி. பிறந்த குழந்தை கையையும் காலையும் உதறிக்கொண்டே இருக்கும், கைக்கு அகப்பட்டதை இறுக்கிப் பிடிக்கும். விரல் நுழையும் அளவு ஓட்டை இருந்தால் நூல் விரலைச் சுற்றி இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடக்கூடும். குழந்தை எதற்கு அழுகிறது என்று தெரியாமல் வீடே தவிக்கும். லேஸ் டிசைனைத் தாய்க்குச் சால்வையாகப் போடுங்கள், குழந்தைக்கு நெருக்கமான பின்னல்தான் நல்லது. இதே காரணத்தால் குஞ்சம், பொம்பொம், பொத்தான், தைத்து ஒட்டிய பூ எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, இதைக் கொடுக்கும்போது அக்காவிடம் வாய்விட்டே சொல்லிவிடுங்கள். குழந்தை தூங்கும் இடத்தில் முதல் ஒரு வருடம் தளர்வான போர்வை எதுவும் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமியின் அறிவுரை. முகத்தின்மேல் ஏறினால் தள்ளிவிடக் குழந்தைக்குத் தெரியாது. அப்படியென்றால் போர்வையே வீணா என்று கேட்காதீர்கள். மடியில் வைத்துக்கொள்ளும்போது, தள்ளுவண்டியில் பக்கத்தில் ஆள் இருக்கும்போது, கொஞ்சம் வளர்ந்ததும் தரையில் விரித்துக் குப்புறப் படுக்கவைக்கும்போது என்று நாள் முழுக்க உதவும். அதனால் தொட்டில் அளவுக்குப் பெரிதாகப் பின்ன அவசியம் இல்லை. 75 செ.மீ. சதுரம் போதும், வேண்டுமானால் நீளத்தை மட்டும் 90 ஆக்கலாம். அளவு சிறியது என்றால் உரிய நேரத்தில் முடிப்பீர்கள், அதுவும் முக்கியம்.

நூலுக்கு என் அளவுகோல் ஒன்றே ஒன்று: துவைப்பது. பால் கக்கும், எச்சில் வழியும், டயப்பர் கசியும். இரவில் தூக்கமே இல்லாத தாய் இதைத் தனியே எடுத்து, கையால் கசக்கி, நிழலில் காயப்போட மாட்டாள், மற்ற துணியோடு இயந்திரத்தில் போடுவாள். அதைத் தாங்காத நூல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அலமாரிக்குத்தான் போகும். பருத்தியும் அக்ரிலிக்கும் பாதிப் பாதி கலந்த நூல் கிடைத்தால் எனக்கு அதுதான் முதல் தேர்வு. முழுப் பருத்தி வியர்வையை உறிஞ்சும், நிறைய துவையலைத் தாங்கும், வெயில் அதிகமான இடத்துக்கு அருமை. ஆனால் கனம், காயவும் நேரமெடுக்கும். முழு அக்ரிலிக் இலேசு, சீக்கிரம் காயும், ஆனால் காற்றோட்டம் குறைவு, மட்டமானதாக இருந்தால் சில துவையலிலேயே பிசிறு உருண்டு நிற்கும். மூங்கில் விஸ்கோஸ் தொட வழுவழுவென்று இருக்கும், நனைந்தால் பலம் குறைந்து தொய்யும். மொஹேர் (ஆட்டு ரோமம்), அங்கோரா (முயல் ரோமம்) பக்கம் போகவே வேண்டாம், ரோமம் உதிர்ந்து குழந்தையின் மூக்கிலும் வாயிலும் போகும்.

லேபிளில் குழந்தைப் படத்தை விட்டுவிட்டு ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்ற, தீங்கான ரசாயனங்களுக்குச் சோதித்த சான்று இருக்கிறதா என்று பாருங்கள். அதில் முதல் வகுப்பு என்பது 3 வயது வரை உள்ள குழந்தைகளுக்கான பொருள்களுக்கு உரியது, இருப்பதிலேயே கடுமையான வரம்பு அதற்குத்தான்.

தறிமேடை:

கம்பளியை யாரும் சொல்லவே இல்லையே, அதனால் நான் வருகிறேன். கம்பளி என்றாலே குத்தும் என்று ஒதுக்குவது நியாயமில்லை. குத்துவது 30 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒன்று) மேல் தடித்த இழைகள்தான். மெரினோ ஆட்டின் நல்ல கம்பளி 19 மைக்ரானுக்குக் கீழே இருக்கும், கன்னத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. இன்னொரு பெரிய குணம், எளிதில் தீப்பிடிக்காது, பிடித்தாலும் நெருப்பை விலக்கியதும் தானே அணைந்துவிடும். அக்ரிலிக் உருகித் தோலில் ஒட்டும். விளக்கு, அடுப்பு பக்கம் எல்லாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடமாடுகிற வீட்டில் இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

துவைக்க முடியாதே என்பீர்கள். சாதாரணக் கம்பளி இழையில் செதில் இருக்கிறது, சூடும் உரசலும் பட்டால் ஒன்றோடொன்று கொக்கி போட்டு மொத்தமாகச் சுருங்கிவிடும், அது உண்மை. அதற்குத்தான் சூப்பர்வாஷ் என்று பதப்படுத்திய மெரினோ வருகிறது. அந்தச் செதில்களை மழுக்கி மேலே மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்கள், லேபிளில் சொன்ன சூட்டில் இயந்திரத்தில் போடலாம். ஈரமாக இருக்கும்போது மட்டும் கொடியில் தொங்கவிடாமல் படுக்கையாக விரித்துக் காயவைக்க வேண்டும், தொங்கினால் நீண்டுவிடும். குளிர் உள்ள இடம் என்றால் என் ஓட்டு இதற்கே.

நூல்கண்டு:

தீ பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். பருத்தியும் நன்றாகவே எரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் "படுக்கையாக விரித்து" என்ற இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது. நூலைப் பார்க்கும் முன் அந்த வீட்டில் யார் துவைக்கப் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். வானம்பாடி, அக்கா கம்பளி துணிகளைப் பக்குவமாகப் பார்த்துக்கொள்பவர் என்றால் தறிமேடை சொன்னதை எடுங்கள், இல்லையென்றால் கலப்பு நூல்.

கொக்கிஊசி:

விறைப்புக்கு வருகிறேன். சிங்கிள் குரோஷேயை நூல் லேபிளில் போட்ட ஊசியிலேயே போட்டால் அப்படித்தான் வரும். டிகே எனப்படும் நடுத்தரக் கனமுள்ள நூல், அதாவது லேபிளில் 3 என்று போட்டிருப்பது, அதற்கு 4 மி.மீ. கொக்கி ஊசி சொல்லியிருப்பார்கள். போர்வைக்கு 5 மி.மீ. எடுங்கள். பின்னலையும் மாற்றுங்கள். மாஸ் ஸ்டிட்ச் என்று ஒன்று இருக்கிறது, ஒரு சிங்கிள், ஒரு சங்கிலி, ஒன்றை விட்டு அடுத்ததில் சிங்கிள், அவ்வளவுதான். துணி குழைந்து விழும், விரல் நுழையும் ஓட்டையும் இருக்காது, நூலும் குறைவாகப் பிடிக்கும். குழந்தைப் போர்வைக்கு இதைவிடப் பொருத்தமான குரோஷே பின்னல் இல்லை என்பது என் எண்ணம்.

செய்முறை: இரட்டைப்படை எண்ணிக்கையில் சங்கிலி போடுங்கள். ஊசியிலிருந்து நான்காவது சங்கிலியில் முதல் சிங்கிள். பிறகு ஒரு சங்கிலி போட்டு, கீழே ஒன்றை விட்டு, அடுத்ததில் சிங்கிள் என்று கடைசிவரை. திருப்பி இரண்டு சங்கிலி, அப்புறம் கீழ் வரிசையில் சங்கிலி விட்ட இடைவெளி ஒவ்வொன்றிலும் ஒரு சிங்கிள், நடுவில் ஒரு சங்கிலி. வரிசையின் கடைசி சிங்கிள், போன முறை திருப்பும்போது போட்ட சங்கிலியின் இடைவெளிக்குள் விழ வேண்டும். அதை விட்டால் ஓரம் உள்ளே போகும். அடிச் சங்கிலி மட்டும் அரை மி.மீ. பெரிய ஊசியில் போடுங்கள், இல்லையென்றால் அடிப்பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும்.

இப்போது நீங்கள் போட்ட துண்டு ஏன் சுருங்கியது என்றால், டபுளில் திருப்பும்போது போடும் மூன்று சங்கிலி ஒரு கண்ணியாகக் கணக்கில் வரும். ஆகவே அடுத்த டபுளை இரண்டாவது கண்ணியில் போட வேண்டும், வரிசை முடிவில் அந்தப் பழைய மூன்று சங்கிலியின் தலையிலும் ஒன்று போட வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இந்தக் கடைசி ஒன்றுதான். சிங்கிளில் கதை வேறு, திருப்பும் ஒற்றைச் சங்கிலி கணக்கில் இல்லை, முதல் கண்ணியிலேயே குத்த வேண்டும். முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் வேறு நிற நூல்துண்டு ஒன்றைக் கோத்து வையுங்கள், கண்ணுக்கு அடையாளம் இருந்தால் எண்ண வேண்டிய தேவையே குறையும்.

வீடியோ பார்த்துக் கற்கிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. நான் இங்கே சொல்வது அமெரிக்கப் பெயர்கள். அமெரிக்காவில் சிங்கிள் என்பதை பிரிட்டனில் டபுள் என்பார்கள், அமெரிக்காவில் டபுள் என்பது பிரிட்டனில் ட்ரெபிள். டிசைன் எழுதியவர் எந்த வழக்கத்தில் எழுதினார் என்று முதலில் பாருங்கள்.

வானம்பாடி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விளக்கமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அக்கா எல்லாத் துணியையும் ஒன்றாகத்தான் போடுவாள், அதனால் பருத்தி-அக்ரிலிக் கலப்பு, மாஸ் ஸ்டிட்ச் என்று முடிவு செய்துவிட்டேன். எத்தனை சங்கிலி, எவ்வளவு நூல் என்று எப்படிக் கணக்கிடுவது? இதைப் படித்துக் காட்டியதும் அம்மாவும் தன் பங்குக்கு நிட்டிங்கில் ஒன்று போடுகிறேன் என்கிறார். அவருக்கு எளிதாக என்ன சொல்லலாம்?

தறிமேடை:

கணக்குக்கு ஒரே வழி மாதிரித் துண்டுதான். 15 செ.மீ. சதுரமாவது பின்னி, அக்கா எப்படித் துவைப்பாரோ அதேபோல் இயந்திரத்தில் போட்டு, காய்ந்த பிறகு நடுவில் 10 செ.மீ.க்குள் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள், மாஸ் ஸ்டிட்சில் சங்கிலியையும் ஒரு கண்ணியாக எண்ண வேண்டும். 16 வந்தால் 75 செ.மீ.க்கு 120, திருப்பத்துக்கு இரண்டு சேர்த்து 122 சங்கிலி. துவைத்த துண்டில் சாயம் போகிறதா, பிசிறு வருகிறதா என்பதும் தெரிந்துவிடும். நூலை எடையில் பார்க்காமல் மீட்டரில் பாருங்கள். டிகே அக்ரிலிக் 100 கிராமில் 280 மீட்டர் போல வரும், அதே கனப் பருத்தியில் 200 சொச்சம்தான். 75 சதுரத்துக்குச் சுமார் 1000 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். லேபிளில் உள்ள சாய எண், அதாவது எந்தத் தொகுதியில் சாயம் ஏற்றியது என்ற எண், எல்லா உருண்டையிலும் ஒன்றாக இருக்கட்டும், ஒன்று கூடுதலாகவே வாங்குங்கள். எண் மாறினால் ஒரு கோடு தெரியக்கூடும்.

அம்மாவுக்கு மூலையிலிருந்து சாய்வாக வளரும் கார்ட்டர் போர்வை. எல்லா வரிசையும் நேர் பின்னல், பர்ல் என்னும் எதிர்ப் பின்னலே கிடையாது. ஒரு வரிசை நேர், ஒரு வரிசை பர்ல் என்று போடும் ஸ்டாக்கினெட் என்றால் ஓரம் சுருண்டுகொள்ளும், கார்ட்டர் தட்டையாகக் கிடக்கும். மூன்று கண்ணியில் ஆரம்பித்து, ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியிலும் முன்னும் பின்னும் பின்னி ஒன்றை இரண்டாக்க வேண்டும். நூலில் சரிபாதி தீர்ந்ததும், அதைத் தராசில் வைத்தே பார்த்துக்கொள்ளலாம், ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கிக்கொண்டே வந்தால் சதுரம் தானாக மூடும். பாதிக்குச் சற்று முன்பே குறைக்கத் தொடங்கினால் கடைசியில் நூல் போதாமல் போகாது. அளவுக் கணக்கே தேவையில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. நேர் ஊசியில் அவ்வளவு கண்ணியும் நெருக்கும், கையும் வலிக்கும், 80 அல்லது 100 செ.மீ. வட்ட ஊசியை வாங்கிக் கொடுங்கள்.

கொக்கிஊசி:

முடிக்கும் வேலையை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள், குழந்தைப் போர்வை பிரிவது பெரும்பாலும் நூல் முனைகளில்தான். உருண்டை மாற்றும்போது 15 செ.மீ. வால் விட்டு மாற்றுங்கள், முடிச்சு வேண்டாம், அது தோலில் உறுத்தும், துவைக்கத் துவைக்க அவிழவும் செய்யும். தடித்த தையல் ஊசியில் வாலைக் கோத்து ஒரு திசையில் சில கண்ணிகள் ஓட்டி, கடைசி இழையை விட்டுத் திரும்பி எதிர்த்திசையில் ஓட்டி, மறுபடி ஒருமுறை முதல் திசையில் ஓட்டுங்கள். பருத்தி கலந்தது வழுக்கும், அதனால் மூன்று ஓட்டமும் தேவை. துணியை நன்றாக இழுத்துவிட்டுப் பிறகுதான் மிச்சத்தை வெட்ட வேண்டும்.

சுற்றிலும் ஒரு வரிசை சிங்கிள் போட்டால் ஓரம் உறுதியாகும். பக்கவாட்டில் வரிசைக்கு ஒன்று, மூலையில் மட்டும் ஒரே இடத்தில் மூன்று. ஓரம் அலை அலையாக வந்தால் கண்ணி அதிகம், உள்ளே இழுத்தால் குறைவு, அந்த இடம்வரை பிரித்துச் சரிசெய்துவிடுங்கள், துவைத்தால் சரியாகும் என்று விடாதீர்கள். அக்ரிலிக் கலந்திருப்பதால் இஸ்திரிப் பெட்டியை மேலே வைக்கக் கூடாது, நேரடிச் சூடு பட்டால் நூல் பளபளத்துத் துவண்டுவிடும், பிறகு பழைய நிலைக்கு வராது. கொடுக்கும்போது நூல் லேபிள் ஒன்றையும் கொஞ்சம் மிச்ச நூலையும் சேர்த்துக் கொடுங்கள், எங்காவது இழை அறுந்தால் அதே நிறத்தில் அக்காவே தைத்துக்கொள்ளலாம்.

வானம்பாடி:

மாதிரித் துண்டை 5 மி.மீ. ஊசியில் மாஸ் ஸ்டிட்சில் போட்டுத் துவைக்கப் போட்டிருக்கிறேன், இப்போதே முன்னதைவிடக் குழைவாக இருக்கிறது. காய்ந்ததும் கண்ணி எண்ணிச் சொல்கிறேன். அம்மாவுக்கு 80 செ.மீ. வட்ட ஊசி சொல்லியாயிற்று.