புதன்கிழமை மாலைப் பாய்மரப் பந்தயம்: முதல்முறை படகேறிய கதையைச் சொல்லுங்கள்

தொடங்கியவர், டொராண்டோ

கோடைக்காலப் புதன்கிழமைகளில் ஒண்டாரியோ ஏரிக்கரையில் நடந்தால், வெள்ளைப் பாய்கள் கூட்டமாக ஒரே பக்கம் சாய்ந்து போவதைப் பார்க்கலாம். இருபது வருடமாக நானும் பார்த்துவிட்டு, பணக்காரர் விளையாட்டு, நமக்கென்ன என்று நடந்துகொண்டிருந்தேன். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை மதியம், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் திடீரென்று கேட்டார்: "உங்கள் எடை எவ்வளவு?" எண்பத்தைந்து கிலோ என்றேன். "அருமை! இன்று எங்கள் படகில் ஒருவர் குறைகிறார். ஆறு மணிக்கு வந்துவிடுங்கள்." என் எடையைக் கேட்டு மகிழ்ந்த முதல் மனிதர் அவர்தான். மருத்துவர்கள் யாரும் இதுவரை மகிழ்ந்ததில்லை.

படகு 27 அடி. எழுபதுகளில் இதே மாகாணத்தில் சி அண்ட் சி நிறுவனம் கட்டியது. அவர் அதை ஒரு பழைய கார் விலைக்கு வாங்கினாராம். மெத்தை இருக்கை, வெள்ளைச் சீருடை எல்லாம் என் கற்பனையில்தான் இருந்தன. உள்ளே ஈரக் கயிற்று வாசனையும் ஒரு பக்கம் கிழிந்த பாய்ப் பையும் இருந்தன.

எனக்குக் கொடுத்த வேலை உட்காருவது. காற்று அடிக்கும் பக்கம் படகு உயரும். அந்த விளிம்பில் கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்தால் நம் எடை படகை நிமிர்த்தும். நிமிர்ந்த படகு வேகமாகப் போகும். திசை மாற்றும்போது பாயின் அடித்தண்டான பூம் தலைக்கு மேலே குறுக்கே வரும். குனிந்து, ஊர்ந்து, மறுபக்கம் போய் மறுபடியும் உட்கார வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், தானே நகரத் தெரிந்த மணல்மூட்டை.

"சும்மா ஜாலிக்குத்தான், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை" என்றுதான் அழைத்துப் போனார். தொடக்கத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் நடுவர் படகில் ஒரு கொடி ஏறியது, ஊதல் ஒலித்தது. நான்கு நிமிடம் இருக்கையில் நடுவில் வெள்ளைச் சதுரம் உள்ள நீலக் கொடி ஏறியது. ஒரு நிமிடம் மீதமிருக்கும்போது அது இறங்கியது. அந்த ஐந்து நிமிடமும் பதினைந்து படகுகள் ஒரு கற்பனைக் கோட்டின் பின்னால் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றின. எதற்கும் பிரேக் கிடையாது. அலுவலகத்தில் மின்னஞ்சலில்கூடக் குரல் உயர்த்தாத என் நண்பர், "ஸ்டார்போர்ட்!" என்று கத்திய கத்தலில் நான் கயிற்றை விட்டுவிட்டேன். வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகுக்கு வழி உரிமை உண்டு, இடப்பக்கம் வாங்குபவன் ஒதுங்க வேண்டும் என்பது அதற்குப் பொருள். எனக்கு அன்று கேட்டது என்னவோ, "எல்லோரும் சாகப் போகிறோம்" என்பதுதான்.

எட்டரை மணிக்குக் காற்று நின்றது. பகலில் நிலம் சூடாகி, அங்கே காற்று மேலெழுவதால்தான் ஏரியிலிருந்து குளிர்காற்று கரைக்கு வருகிறது. வெயில் சாய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும். கடைசி மிதவைக்கு முந்நூறு மீட்டர் தொலைவில், சி.என். கோபுரம் தண்ணீரில் தலைகீழாகத் தெரிய, அசையாமல் நின்றோம். யாரும் பேசவில்லை. காலைக்கூட மெதுவாக வைக்கச் சொன்னார்கள், படகு குலுங்கினால் பாயில் இருக்கிற கொஞ்சக் காற்றும் சிந்திவிடுமாம்.

ஒன்பதாவதாக முடித்தோம். கரையில் பீரைப் பிடித்துக்கொண்டு கணக்குப் பார்த்தபோது நான்காவதாகிவிட்டோம்! ஒவ்வொரு படகு வகைக்கும் ஒரு கடல்மைலுக்கு இத்தனை வினாடி என்று ஒரு சலுகை எண் உண்டு. எங்களைவிட வேகமான படகுக்கும் எங்களுக்கும் 60 வினாடி வித்தியாசம் என்றால், நான்கு மைல் பந்தயத்தில் அவர்கள் எங்களை நான்கு நிமிடத்துக்கு மேல் முந்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெற்றி எங்களுக்கு. எங்கள் கிழட்டுப் படகு அந்த இரவு முழுவதும் இதை நம்பித்தான் மிதந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

சிட்னி உறுப்பினர்

இங்கே இதற்கு "ட்வைலைட்" என்று பெயர். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பதால் வேலை முடிந்து வந்தும் வெளிச்சம் மிச்சமிருக்கும். பல சங்கங்களில் ஸ்பின்னக்கர் என்ற பலூன் பாயை ட்வைலைட்டில் அனுமதிப்பதில்லை. பாதிப் பேர் விருந்தாளிகள், கையில் கோப்பை வேறு, விபத்து எதற்கு என்ற எண்ணம்.

துறைமுகத்தில் எங்களுக்கு உண்மையான எதிராளி பக்கத்துப் படகு இல்லை, பயணிகளை ஏற்றிச்செல்லும் ஃபெர்ரிதான். பாய்மரத்துக்கு இயந்திரப் படகு வழிவிட வேண்டும் என்று பாடத்தில் படித்துவிட்டுப் போயிருந்தேன். மேன்லி ஃபெர்ரி நேராக வந்தது. நான் பெருமையாக, "அவர்கள்தான் ஒதுங்க வேண்டும்" என்றேன். படகின் தலைவரான ஸ்கிப்பர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுக்கானைத் தள்ளினார். ஆரஞ்சு நிற வைரக் குறி தாங்கிய ஃபெர்ரிகளுக்கு சிட்னியில் பாய்மரப் படகும் வழிவிட வேண்டும் என்ற விதி என் பாடத்தில் இல்லை. ஃபெர்ரி கிளப்பிய அலையில் எங்கள் பாலாடைக்கட்டித் தட்டு கடலுக்குப் போனது. அன்றைக்கு எங்களுக்கு ஏற்பட்ட ஒரே இழப்பு.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடா உறுப்பினர்

கோடைக்காலம் என்று பருத்திக் கால்சட்டை போட்டுக்கொண்டு போன முட்டாள் நான். கோல்டன் கேட் நீரிணை வழியாக மாலையில் மேற்குக் காற்று இருபது நாட் (மணிக்கு இருபது கடல்மைல்) வேகத்துக்கு மேல் புனல் வைத்து ஊற்றுவதுபோல் வரும். வற்றுநீர் அதற்கு எதிராக வெளியே ஓடும்போது அலைகள் குட்டையாக, செங்குத்தாக எழும். முதல் பத்து நிமிடத்தில் உள்ளாடை வரை நனைந்தேன். ஜூலை மாதத்தில் பல் கிட்டியது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. காற்று வரும் பக்கத்தில் இருந்த மிதவையைச் சுற்றும்போது, நீரோட்டம் எங்களை அதன் மேலேயே தள்ளிவிட்டது. படகின் பின்பகுதி மிதவையை இலேசாகத் தடவியது. ஒரு 'பொத்' சத்தம், அவ்வளவுதான். முன்னால் போனவர்கள் தொலைவில், பின்னால் வந்தவர்களை எங்கள் பாயே மறைத்தது. மிதவையைத் தொட்டால் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும் என்பது விதி. எங்கள் ஸ்கிப்பர் அறுபது தாண்டிய குழாய்ப் பணியாளர். உடனே சற்று விலகிப்போய்ச் சுற்ற ஆரம்பித்தார். அந்தக் காற்றில் அது லேசான காரியம் இல்லை, பூம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் துப்பாக்கி வெடித்ததுபோல் பாய்ந்தது. நான்கு படகுகள் எங்களைத் தாண்டின. சுற்றி முடிக்கும்வரை வாயில் வந்த வசவையெல்லாம் மிதவையைப் பார்த்து, கடலைப் பார்த்து, கடைசியில் என்னையும் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை தெரியாது.

கரையில் அதைப்பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கு ஒரு பழைய கம்பளிச் சட்டையைக் கொடுத்து, "திருப்பித் தர வேண்டாம், அடுத்த வாரம் போட்டுக்கொண்டு வாருங்கள்" என்றார்.

டொராண்டோவிலிருந்து இன்னோர் உறுப்பினர்

ஆண்கள் எடையைச் சொல்லி இடம் பிடித்த கதையைப் படித்துச் சிரித்தேன். நான் 52 கிலோ. முதல் படகில் மூன்று மாதம் என் பதவி, கீழே இருந்து பீர் எடுத்துக் கொடுப்பது. அமெரிக்காவில் இந்த மாலைப் பந்தயங்களை "பீர் கேன் ரேஸ்" என்பார்கள். அந்தப் பெயருக்கான முழுப் பொறுப்பையும் என் தலையில் வைத்துவிட்டார்கள் போலும். "கயிற்றில் கை வைக்கட்டுமா?" என்று கேட்டால், "அடுத்த வாரம்" என்பார்கள்.

ஒரு புதன்கிழமை அந்தப் படகுக்குப் போகாமல், உயிர்காப்பு உடையை மாட்டிக்கொண்டு ஐந்தரை மணிக்குப் படகுத்துறையில் சும்மா நடந்தேன். ஆள் தேடுகிறவர்களுக்கு இதுதான் என் ஒரே அறிவுரை: அந்த நேரத்தில் ஏதோ ஒரு படகில் யாரோ ஒருவர் வராமல் போயிருப்பார். மூன்றாவது படகிலேயே கூப்பிட்டார்கள். "முன்தளத்துக்கு எடை குறைந்த ஆள் வேண்டும், மூக்கு தண்ணீரில் அமிழக் கூடாது" என்றார் அந்த அம்மாள். ஆம், சுக்கான் பிடித்தவர் ஒரு பெண். ஸ்பின்னக்கர் தண்டை ஒரு பக்கத்திலிருந்து கழற்றி மறுபக்கம் மாட்டுவது இப்போது என் வேலை. முதல் முறை பாயைத் தலைகீழாக ஏற்றினேன். இரண்டாம் முறை அது முன்பாய்க்குள் மணற்கடிகாரம்போல் முறுக்கிக்கொண்டது. மூன்றாம் முறை விரிந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? ஈரப் போர்வையை இருவர் பிடித்து உதறுவதுபோல் ஒரே ஒரு அடி.

பழைய படகுக்காரர்கள் இப்போதும் கையசைப்பார்கள். பீரை யார் எடுக்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

வல்வெட்டித்துறைக்காரர், இப்போது மொன்றியல்

"பணக்காரர் விளையாட்டு, நமக்கென்ன" என்ற வரியில் நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் எங்கள் ஊர் மாலுமிகளோடு அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பெயரே மாற்றிவிட்டார்கள், அது வேறு கதை. சோளகம், கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுகளின் பெயர்களை வீட்டுக்குள் பேசி வளர்ந்த நான், இங்கே ஆற்றுப் படகில் தென்மேற்குக் காற்று என்பதை மூன்று விநாடி யோசித்து மொழிபெயர்க்கிறேன். வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

சென்னை உறுப்பினர்

எங்களுக்கு வார நாள் வாய்ப்பதில்லை, ஞாயிறுதான். சென்னைத் துறைமுகத்துக்குள் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்ற பாய்மரப் படகுச் சங்கம் உண்டு. தொடங்கியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், அன்றைய துறைமுகத் தலைவர். அவர் அலுவலகத்தில்தான் கணித மேதை ராமானுஜன் எழுத்தராக வேலை பார்த்தார். என் மகள் ஏழேமுக்கால் அடி ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் படகில் பழகியபோது கரையில் நின்று நான் கத்திய கத்தல் எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. "அப்பா, தயவுசெய்து வீட்டிலேயே இருங்கள்" என்றுவிட்டாள்.

தொடங்கியவர், டொராண்டோ

எல்லோருக்கும் நன்றி. தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டதற்குப் பதில்: நீச்சல் ஓரளவு தெரிந்தால் நல்லது, உயிர்காப்பு உடை கட்டாயம் போடுங்கள், மே மாதத்து ஏரித் தண்ணீர் விளையாட்டு இல்லை. செலவு? ஏறுகிறவருக்குப் பெரும்பாலும் ஒரு பெட்டி பீர் அல்லது கொஞ்சம் தின்பண்டம். நான் ஒருமுறை மசாலா வடை கொண்டுபோனேன். பந்தயம் முடிந்தபின் தளத்தில் எண்ணெய்க் கறை தேய்த்ததும் நானேதான்.

இந்தப் புதன்கிழமை பதினெட்டு நாட் காற்று என்கிறது வானிலை அறிக்கை. நேற்று இரவு நண்பர் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரிக்கிறார் என்று நினைத்தேன். "சரியாகச் சாப்பிடுகிறீர்களா? இளைத்துவிடவில்லையே?" என்றார்.