கேம்பர் டிரெய்லர் சுவர்: ஒரு இஞ்சா, ரெண்டு இஞ்சா?

தாமிரபரணிக்காரன்:
அண்ணாச்சிமாரே, பொலிரோவுக்குப் பின்னால இழுக்க ஒரு கேம்பர் கட்டுதேன். 8 அடி நீளம், 5 அடி அகலம், 5 அடி உயரம். அடியில இரும்புச் சட்டம். சுவரும் கூரையும் எக்ஸ்பிஎஸ் ஃபோம் ஷீட் (தெர்மோகோல் இனம்தான், ஆனா கெட்டி), ரெண்டு பக்கமும் கித்தான் ஒட்டி பெயின்ட். குற்றாலம் சீசன், மணப்பாடு கடற்கரைன்னு நானும் வீட்டுக்காரியும் போய்ப் படுக்கணும். 25 மி.மீ. போதுமா, 50 போடணுமா? 50 போட்டா வெயிட் கூடிருமோன்னு பயம்.

பேட்டை வெல்டிங்:
25 போதும் தம்பி. 50 போட்டா உள் அகலம் 4 அடி 8 இஞ்சுதான் மிஞ்சும். ரெண்டு பேரு படுத்துப் பாருங்க, தோள்பட்டை சொல்லும். காசும் ரெட்டிப்பு.

வள்ளியூர் காத்து:
வெயிட்டுக்குப் பயப்படுறதுக்கு முன்னாடி கணக்குப் போடுங்க. நாலு சுவரும் கூரையும் சேத்து 170 சதுர அடி, அதாவது 16 சதுர மீட்டர் சுமாரு. எக்ஸ்பிஎஸ் கன மீட்டருக்கு 32 கிலோன்னு வச்சா, 25-க்கு 13 கிலோ, 50-க்கு 26. வித்தியாசம் கால் மூட்டை சிமெண்ட். கனம் ஏறுறது கித்தான், பசை, பெயின்டுலதான்; அது ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஆனா ரெண்டு பக்கமும் ஒட்டுற கித்தான் தோல் அதேயா இருக்க, நடுவுல ஃபோம் ரெட்டிப்பானா விறைப்பு ஏறக்குறைய நாலு மடங்கு. ஆடி மாசம் காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் ஓட்டியிருக்கீயளா? மணிக்கு 54 கி.மீ. காத்து அடிச்சாலே உங்க பக்கச் சுவர்ல 50 கிலோ சுமாருக்குத் தள்ளும்.

பேட்டை வெல்டிங்:
என்னவே, அந்தக் காத்துக்குச் சுவரா வளையும்? வண்டில்ல அலையும்! உள்ளே அலமாரி, கட்டில் பலகை எல்லாம் சுவரைப் பிடிச்சிட்டுத்தான் நிக்கும். மொத்த எடையில நூத்துக்குப் பத்துப் பதினஞ்சு பங்கு ஹிட்ச் (பொலிரோவுல மாட்டுற கொக்கி) மேல உக்காருதான்னு பாக்கச் சொல்லும். பின்பாரமா ஏத்தினா 50 போட்டாலும் வாலாட்டும்.

பாளை ஏசி மெக்கானிக்:
ரெண்டு பேரும் சூட்டை மறந்துட்டீய. 50 போட்டா வெயில்ல உள்ள வர்ற சூடு பாதிக்குக் கிட்டக் குறையும், சரி. ராத்திரி என்ன ஆகும்? தூங்குற ஆள் ஒருத்தர் 75 வாட் சூடு விடுவார். ரெண்டு பேருக்கு 150. தரையை விட்டுட்டு, காத்தே புகாம மூடினதா வச்சுக் கணக்குப் போட்டா 25 மி.மீ. சுவருக்குள்ள வெளியை விட 9 டிகிரி ஏறும், 50-க்குள்ள 16. நம்ம ஊரு சித்திரை ராத்திரிக்கு அது அவிச்சிரும். முதல்ல கூரையில ஒரு 12 வோல்ட் எக்ஸாஸ்ட் ஃபேன், கீழ காத்து வர ஒரு வழி. அதுக்கப்புறம் தடிமனைப் பேசுங்க. கூரைக்கு வெள்ளை பெயின்ட், வேற கலரு வேண்டாம்.

வள்ளியூர் காத்து:
ஃபேன் எப்படியும் வைக்கத்தான் போறாரு. வச்சா 50 தானே ஜெயிக்குது?

பேட்டை வெல்டிங்:
பகல் பூரா குற்றாலத்துல குளிக்கப் போற ஆளுக்கு எதுக்குவே?

தாமிரபரணிக்காரன்:
கூரை 50, சுவர் 25 போட்டா?

பாளை ஏசி மெக்கானிக்:
நல்ல யோசனை. உச்சி வெயில் இறங்குறது கூரை வழியாத்தான். 5 அடி அகலத்துக்குத் தொய்யாம நிக்கிறதுக்கும் தடிமன் வேணும்.

பேட்டை வெல்டிங்:
கூரைக்கு நான் குறுக்க நிக்கலை. பசையில மட்டும் கவனம் தம்பி. கடையில தர்ற கான்டாக்ட் பசை, பாலியஸ்டர் ரெசின் ரெண்டும் இந்த ஃபோமைக் கரைச்சிரும். சொட்டு விழுந்த இடம் கண்ணு முன்னாலயே குழியாகி, ஓரம் சுருண்டு, அடியில ஓட்டை தெரியும். எபாக்ஸி பசை ஃபோமை ஒண்ணும் செய்யாது. சாரல்ல நிக்கப் போற வண்டி, அதனால கித்தானுக்கு வாட்டர்ப்ரூஃப் பசைதான். எதுன்னாலும் முதல்ல துண்டு ஃபோம்ல தடவி ஒரு ராத்திரி வச்சுப் பாருங்க.

வள்ளியூர் காத்து:
சுவர் 25-ன்னு முடிவு பண்ணிட்டா, கதவு, ஜன்னல் வெட்டுற ஓட்டையைச் சுத்தி ஃபோமுக்கு நடுவுல மரச்சட்டம் வைங்க. கீல் ஸ்க்ரூ ஃபோம்ல நிக்காது. நான் இப்பவும் 50 தான் சொல்லுதேன்.