கொய்யா மரத்து வலையில சிக்குன வவ்வாலு, எடுத்து வெச்சது தப்பாங்க?

கோபி தோட்டத்துக்காரி (வெடியால 6.50)
எல்லாருக்கும் வணக்கமுங்க. கோபிக்குப் பக்கத்துல தோட்டத்துச் சாளையில குடியிருக்கறோம். பொறத்தால ஒரு கொய்யா மரம், கிளிக்கும் அணிலுக்கும் பயந்து எங்க மாமனாரு போன மாசம் நைலான் வலை போத்தியுட்டாரு. இன்னிக்கு சாணி வழிக்கப் போறப்ப பாத்தா அந்த வலையில ஒரு வவ்வாலு, றெக்கையில வலை நரம்பு சுத்திச் சுத்தி இறுகிக் கெடக்குது, பெருவிரல் நகத்தால இழுத்து இழுத்து அந்த எடமே ரத்தம். என்னையப் பாத்து வாயத் தொறந்துச்சு, சத்தமே வரல. மனசு கேக்கலீங்க. கோணிச்சாக்க நாலா மடிச்சு கையில சுத்திக்கிட்டு, வலைய அதச் சுத்தி கத்திரிக்கோல்ல வெட்டி வலையோடவே எடுத்து அட்டப்பொட்டியில வெச்சுட்டேன். உள்ளங்கைக்குள்ள அடங்கற அளவுதான், காதோரம் வெள்ளையா கோடு போட்டாப்புல இருக்குது. எங்க மாமியா "அதக் கொண்டி காட்டுல எறி, நிபா வந்துரும்"னு ஒரே சத்தம். என்ன பண்றதுங்க?

சிவகிரி சப்போட்டா (7.15)
அம்மிணி, மாமியா சொல்றதத்தான் நானுஞ் சொல்லுவேன். 2018ல கோழிக்கோடு, மலப்புறத்துல 17 பேரு நிபாவுல போய்ச் சேந்தாங்க. 2023ல மறுக்கா வந்தப்ப நான் லோடு எறக்கிட்டு பாலக்காட்டுல இருந்து வர்றேன், வாளையாறு செக்போஸ்ட்ல வண்டிய ஓரங்கட்டச் சொல்லி காய்ச்சல் பாத்துத்தான் உட்டாங்க. அவ்வளவு கிட்ட வந்த நோயிங்க அது. ஊட்டுல கொழந்தைக இருக்கறப்ப ஒரு வவ்வாலுக்காக எதுக்கு இந்த வேல. இன்னொன்னு, ரெண்டு ஏக்கரா சப்போட்டா வெச்சிருக்கறேன், ராத்திரி வந்து ஒரு பழத்தத் தின்னா நாலு பழத்தக் கடிச்சுப் போட்டுட்டுப் போகுது, வெடியால கூடை கூடையா பொறுக்கி குழியில கொட்டறது நாந்தான்.

நொய்யல்கரை (7.40)
ஏனுங்கண்ணா, உசுரோட தவிக்கறத காட்டுல எறிஞ்சா நாயும் காக்காவும் இழுத்துட்டுப் போகும், அப்பத்தான் எச்சா ஆபத்து. காதோரம் வெள்ளைக்கோடு, கையளவுன்னா அது குறுமூக்குப் பழந்தின்னிங்க, நிபாவுக்கு முக்கியமாச் சொல்றது றெக்கைய விரிச்சா நாலடி வர்ற பெரிய பழந்தின்னி, அது வேற இனம். ஆலம்பழம், அத்திப்பழம், இலுப்பைப்பழம் இதுக எல்லாம் வெதை பரவறதே வவ்வாலாலதான், இலவம்பஞ்சுப் பூவுக்கு ராத்திரி மகரந்தம் கொண்டுபோறதும் அதுதான். ஒரு ஈத்துக்கு ஒரே குட்டி. கோழி மாதிரி பத்து குஞ்சு பொரிக்கறதில்ல. உங்க சப்போட்டா நட்டம் எனக்குப் புரியுது, ஆனா இந்த அம்மிணி கேட்டது அடிபட்ட ஒண்ணப் பத்தி.

சிவகிரி சப்போட்டா (8.05)
வேற இனம்னு சொல்லிட்டா போதுங்களா தம்பி? ஐசிஎம்ஆர்ங்கற மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சர்வே எடுத்து, தமிழ்நாட்டு வவ்வால்லயும் நிபாவுக்கான எதிர்ப்புப் பொருள் இருக்குதுன்னு 2023ல சொன்னாங்களே. பங்களாதேசுல ஈச்ச மரத்துல எறக்குன பச்சைச் சாத்தக் குடிச்சே சனங்க செத்திருக்காங்க, வவ்வாலு சாறு புடிக்கற முட்டியில வாய் வெச்சதால. நம்ம பக்கம் தென்னையில முட்டி கட்டலியா? பயப்படறவன முட்டாளுன்னு நெனைக்காதீங்க.

வெள்ளோடு நர்ஸக்கா (8.30)
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. 21 வருசமா கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஊசி போடறவ நான். 2018ல கேரளாப் பக்கம் பேராம்பிராவுல நிபா நோயாளியப் பாத்துக்கிட்ட நர்ஸ் லினி எறந்துபோனாங்க, அந்தச் செய்தி படிச்ச அன்னிக்கு எங்க வார்டுல ஒருத்தருக்கும் சோறு எறங்கல. அதனால பயம் வேணும். எதிர்ப்புப் பொருள் இருக்குதுன்னா அந்த வவ்வாலுக்கு எப்பவோ கிருமி பட்டிருக்குதுன்னு அர்த்தம், இந்த நிமிசம் நோயப் பரப்புதுன்னு இல்ல. கோபி அம்மிணிக்கு நான் கேக்கறது ஒண்ணுதான்: கடி, கீறலு ஏதாச்சும் பட்டுச்சா? வவ்வாலு பல்லு ஊசி மொனை மாதிரி, பட்டதே தெரியாது. உலக சுகாதார நிறுவனம் வவ்வாலை நேரடியாத் தொட்டாலே வெறிநாய்க்கடி விசயத்துல மூணாம் வகையிலதான் வெச்சிருக்குது, அதாவது ரொம்பப் பெரிய ஆபத்து. கைய சோப்புப் போட்டு ஓடற தண்ணியில 15 நிமிசம் கழுவுங்க, கடிகாரத்தப் பாத்துக் கழுவுங்க. ரேபிஸ் வந்துட்டா காப்பாத்த வழியில்லீங்க. இன்னிக்கே போய் டாக்டர்கிட்ட நடந்தத அப்படியே சொல்லுங்க, ஊசின்னா 0, 3, 7, 28ன்னு நாள் குறிச்சுக் குடுப்பாங்க.

கோபி தோட்டத்துக்காரி (8.50)
கழுவிட்டேன்க்கா. எடது மணிக்கட்டுல ஒரு கீத்து இருக்குது, அது கொய்யாக் குச்சி கிழிச்சதா இது கிழிச்சதான்னு சத்தியமா தெரியல. பத்து மணி பஸ்ஸுக்குப் போறேன். கொழந்தைகள அக்கட்டப் போகச் சொல்லிட்டேன். இதுக்குத் தண்ணி குடுக்கலாங்களா? கண்ணு ரெண்டும் என்னையவே பாக்குது, பால் வெச்சுப் பாக்கட்டுமா?

கால்நடை மருந்தகத்துப் பையன் (9.05)
பாலு வேண்டாங்க்கா, செரிக்காது. பொட்டிக்கு மூடி போட்டு நாலஞ்சு ஓட்டை, உள்ள ஒரு பழைய துண்டத் தொங்க விடுங்க, அதப் புடிச்சு தலகீழாத் தொங்குனாத்தான் அதுக்கு மூச்சு நெதானமாகும், தரையில மல்லாந்து கெடந்தா பதறிப் பதறியே போயிரும். தண்ணிய நீங்க குடுக்க வேண்டாம், ஒரு மூடியில ஓரமா வெச்சுட்டு இருட்டா ஒரு மூலையில வெச்சுருங்க, பூனை அண்டாத எடம். றெக்கையில மிச்சமிருக்கற நரம்ப நீங்க எடுக்காதீங்க, ரத்த ஓட்டம் நின்னிருந்தா திடீர்னு அவுக்கறதும் கஷ்டம். வனத்துறைக்குப் போன் பண்ணுங்க.

சிவகிரி சப்போட்டா (9.30)
வனத்துறை பழந்தின்னிக்கு வருவாங்களா? 1972 சட்டத்துலயே அத எலி, காக்கா கூடச் சேத்து நாசம் பண்றதுகன்னு ஒரு பட்டியல்லதான வெச்சிருந்தாங்க. அரசாங்கமே அப்படி எழுதி வெச்சத நான் மட்டும் சொன்னா கல்நெஞ்சக்காரனா?

நொய்யல்கரை (9.45)
அந்தப் பட்டியலையே 2022 திருத்தத்துல எடுத்துட்டாங்கண்ணா. அம்பது வருசம் தப்பா வெச்சிருந்ததத் திருத்தியிருக்காங்க. வெள்ளோட்டுல ஏரிப் பறவைக்காக தீவாளி நோம்பிக்கு வெடி வெடிக்காம இருக்கறாங்களே, அவுங்களும் வெவசாயிகதான, நம்ம சனம் செய்யாததா?

சிவகிரி சப்போட்டா (10.10)
வெடி வெடிக்காம இருந்தா காசு மிச்சம் தம்பி. வலை கட்டாம இருந்தா என் முட்டுவழி போச்சு. ரெண்டும் ஒண்ணாகாது. கடன் வாங்கி சொட்டுநீர் போட்டவன் நான், என்னைய விட்டுட்டு இலவம்பஞ்சுப் பூவப் பேசாதீங்க. அந்தப் புள்ள கையில கீத்து இருக்குதுன்னு சொல்லுது பாருங்க, அதுக்குத்தான் வெடியாலயே சொன்னேன்.

நொய்யல்கரை (10.20)
அது உண்மைதாங்ணா. உங்க நட்டத்த லேசா பேசிட்டேன், மன்னிச்சுக்குங்க. ஆனா தொடற மொறை தப்புன்னா மொறையத் திருத்தணும், உசுர எறியக் கூடாது. அதுல நான் எறங்கி வரமாட்டேன்.

கோபி தோட்டத்துக்காரி (பொழுதோட 6.20)
ஊசி போட்டாச்சுக்கா. கீத்துல ரத்தம் வந்திருந்ததால இன்னொரு மருந்தையும் காயத்தச் சுத்திப் போட்டாங்க, கை விண்ணு விண்ணுனு வலிக்குது. மத்தியானம் வனத்துறைக்காரரு ஒருத்தரு தோல் கையுறை போட்டுக்கிட்டு வந்து பொட்டியோட எடுத்துட்டுப் போனாரு. றெக்கை எலும்பு முறியலையாம், தோலுதான் கிழிஞ்சிருக்குது, அது வளந்து கூடிக்கும்னாரு. மூடியத் தொறந்தப்ப துண்டப் புடிச்சு தலகீழாத்தான் தொங்கிக்கிட்டிருந்துச்சு, அடிபடாத றெக்கைய மூஞ்சி மேல போத்திக்கிட்டு. எங்க மாமியாளும் எட்டி நின்னு பாத்தாங்க, ஒண்ணும் பேசல. மாமனாரு வலையச் சுருட்டி அட்டாலியில போட்டுட்டாரு.

சிவகிரி சப்போட்டா (7.00)
ஊசிய ஒரு நாளும் தவற உட்றாதம்மிணி. என் பேச்சுல எனக்கு மாத்தமில்ல, கையில எடுத்தது தப்புதான். ஆனா ஒண்ணு கேக்கறேன், வவ்வாலு சிக்காத வலைன்னு ஏதாச்சும் இருக்குதா? செத்து நாறுனதையும் வலையில இருந்து பிச்சு எடுத்திருக்கறேன், அது நல்ல வேலை இல்ல.

கால்நடை மருந்தகத்துப் பையன் (7.15)
இருக்குதுங்ணா. கண்ணு சின்னதா, சுண்டு விரலு நொழையாத வலையா, கெட்டியான வெள்ளை நூல்ல வாங்குங்க, மெல்லிசு நைலான் நரம்பு வேண்டவே வேண்டாம். மரத்து மேல தொளதொளன்னு போத்தாம குச்சி நட்டு இழுத்துக் கட்டோணும், அப்ப மோதுனாலும் வழுக்கிக்கிட்டுப் போயிரும்.

சிவகிரி சப்போட்டா (7.25)
வெல எச்சா இருக்கும். நாளைக்கு ஈரோடு போறேன், கேட்டுப் பாக்கறேன்.